நாற்பத்தொரு வெட்டு

மணி இரண்டு பத்து. நாலு மணிக்குத் தம்பி சகாயம் வந்துவிடுவான், அதற்குள் இந்த பீட் ஒரு வழிக்கு வந்தாக வேண்டும், வந்தாக வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டால் வந்துவிடுமா, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதே நாற்காலி, இதே லேப்டாப், இதே டக் டக். கிக் என்றால் கீழே விழும் கனத்த அடி. ஸ்நேர் என்றால் அதற்குப் பதில் சொல்லும் பளிச்சென்ற அடி. ஹை-ஹாட் என்றால் இரண்டுக்கும் நடுவே ஓயாமல் சிணுங்கிக்கொண்டிருப்பது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும், மீதியெல்லாம் பீட் செய்யச் சொல்லித்தரும், தொப்பியைத் திருப்பிப் போட்ட அந்த வீடியோப் பையனுக்குத் தெரியும், அவன் என்னை வாய்க்கு வாய் ப்ரோ என்கிறான், முப்பத்தாறு வயதில் ப்ரோ ஆகும் பாக்கியம் பொன்மலையில் எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். பதினெட்டு வருடம் மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தவள், திருவிழாப் பூசைக்கு நாலு குரல் பாடகர் குழுவைக் கட்டி இழுத்தவள், இங்கே வந்து உட்கார்ந்தால் கைநாட்டு. அம்மா தெருவில் கூடிச் செபம் சொல்லும் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், வீட்டில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை, அந்தச் சத்தம்கூட ஒரு தாளத்தில் போகிறது, எண்பத்து நான்கைவிடக் கொஞ்சம் வேகம். நிமிடத்துக்கு எண்பத்து நான்கு அடி, அதுதான் நான் வைத்திருக்கும் வேகம், நடந்து போகிறவனின் வேகம். தம்பிக்கு எது வசதி என்று யோசித்து யோசித்து வைத்தேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்டால் அவன் சொல்லி முடிக்கிறவரை இருக்க வேண்டுமே என்று நினைத்தேனா, இல்லை, அப்படி நினைக்கவில்லை, நேரமில்லை, அவ்வளவுதான்.

சகாயத்துக்குத் திக்கும். இருபத்தாறு வயது, துவாக்குடியில் ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர், இன்றைக்கும் ஓவர் டைம் என்று காலையிலேயே போய்விட்டான், வேலையில் கெட்டி, ஆனால் வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே கதவு அடைத்துக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் ஒரு பக்கமாகப் போகும், பிறகு வார்த்தை வரும். வந்தால் நன்றாகவே வரும். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போயிருக்கிறான், அங்கே பையன்கள் வட்டமாக நின்று ஸ்பீக்கரில் பீட்டை ஓடவிட்டு ஆளுக்கு ஒரு சுற்று ராப் சொல்வார்களாம், இவனும் எழுதிக்கொண்டு போயிருக்கிறான், எனக்குத் தெரியாது, அவன் எழுதுவான் என்பதே எனக்குத் தெரியாது. இவன் முறை வந்தது. முதல் வார்த்தையில் நின்றுவிட்டான். பீட் நிற்கவில்லை, நாலு சுற்று போய்விட்டது. பையன்கள் நல்ல பையன்கள், ஒருத்தனும் சிரிக்கவில்லை, கை தட்டி உற்சாகப்படுத்தினார்கள், சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கை தட்டினதைத்தான் தாங்க முடியவில்லை என்று அவன் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வருகிற சனிக்கிழமை மறுபடி போகப் போகிறானாம். ஊரான் செய்த பீட் வேண்டாம், நீ ஒன்று செய்து கொடு என்றான். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. இந்த முறையும் அவன் அங்கே நின்றுவிட்டால் இனி எங்கேயும் வாயைத் திறக்க மாட்டான், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அளவு பார்ப்பதற்காக அவன் பாட்டை போனில் சொல்லி அனுப்பியிருந்தான், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. அதை லேப்டாப்பில் போட்டால் ஒரு நீளமான வரியாகத் தெரிகிறது, பேசும் இடம் மேடு, பேசாத இடம் கோடு. இவனுக்குக் கோடுதான் அதிகம். மேலே எண்பத்து நான்கின் கட்டங்கள் ஒழுங்காக நிற்கின்றன, கீழே இவன் எந்தக் கட்டத்திலும் நிற்பதில்லை, ஒரு கட்டத்தில் ஏறுவான், மூன்று கட்டம் காணாமல் போவான். எல்லாத்தையும் கட்டத்துக்குள்ள தள்ளிருங்க ப்ரோ, காது தானா ஒத்துக்கும் என்றான் வீடியோப் பையன். தள்ளினேன். காலை பூசை முடிந்து வந்ததிலிருந்து இதே வேலைதான், கோடு வருகிற இடத்தில் எல்லாம் ஒரு வெட்டு, பின்னால் இருப்பதை இழுத்து முன்னால் ஒட்டு, ஒரு வெட்டு, ஒரு ஒட்டு, இட்லித் துணியிலிருந்து ஒட்டின மாவைச் சுரண்டி எடுக்கிற மாதிரி பொறுமையாக எடுத்தேன். நாற்பத்தொரு வெட்டு. இப்போது ஒரு நிமிடம் நாலு வினாடி. ஓடவிட்டேன். தட்டாதீங்க தட்டாதீங்க உள்ளதான் இருக்கேன், சட்டைய மாட்டிக்கிட்டு வந்துகிட்டேதான் இருக்கேன். மூச்சுவிடாமல் சொல்கிறான். என் தம்பி, ஒரு இடத்திலும் தங்காமல், மணி மணியாகச் சொல்கிறான். மூன்று தடவை கேட்டேன், மூன்றாம் தடவை அழுதேன், சந்தோஷத்தில்தான் அழுதேன், அப்பா இருந்து கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் ஓடுவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இது அவன் குரல்தான், ஆனால் இவனை எனக்குத் தெரியாது. நான் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறவள், ஒரு நாளைக்கு நூற்றைம்பது போன், சீக்கிரம் பேசி சீக்கிரம் வைக்க வேண்டும், யாராவது அது வந்து மேடம் என்று ஆரம்பித்தாலே புக்கிங்கா, சிலிண்டர் வரலையா, ரெகுலேட்டரா என்று நானே மூன்றையும் எடுத்துப் போட்டுவிடுவேன், அவர்கள் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார்கள். முந்திரிக்கொட்டை என்று ஆபீசில் பெயர், நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். இந்தக் கலையை ஆபீசிலா கற்றுக்கொண்டேன், வீட்டில் அல்லவா கற்றேன். பஸ்ஸில் பொன்மலைக்கு ரெண்டு என்று சொல்வது நான். கடையில் பேனாவுக்கு ரீஃபில் கேட்பது நான். பள்ளிக்கூடத்தில் அவன் பேர் கூப்பிடும் டீச்சரிடம் முன்கூட்டியே போய் இவன் கை மட்டும் தூக்குவான் மிஸ் என்று சொல்லி வைத்தது நான். அவன் ம் என்றால் மோர், கு என்றால் குடை, அவன் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பேன், பக்கத்து வீட்டார் இந்தப் பிள்ளைக்கு அக்காதான் வாய் என்பார்கள், அதைக் கேட்டு உச்சி குளிர்ந்து போவேன். நான் நுழைய முடியாத ஒரே இடம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு. அங்கே மட்டும் அவன் தனியாகப் போனான், தனியாகவே சொல்லி முடித்தான், இருபது நிமிடம் ஆகும், வெளியே வரிசையில் நிற்கும் பையன்கள் சகாயத்துக்குப் பாவம் ஜாஸ்திடா என்று கிண்டலடிப்பார்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே ஓடிப்போய் உதவ முடியவில்லையே என்று தவிப்பேன். வெளியே வரும்போது அவன் முகம் எவ்வளவு தெளிவாக இருக்கும். அது பாவம் போனதால் வந்த தெளிவு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அடக்கத்தன்று கல்லறையில் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டியவன் மகன், காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி நானே சொன்னேன், நன்றாகச் சொன்னாய் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மணி இரண்டு ஐம்பது, இன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம். தட்டாதீங்க. டக் டக். தட்டாதீங்க. டக். இந்தக் கிக் நானே செய்தது, லேப்டாப்பில் இருக்கிற கிக் எல்லாம் யாரோ செய்தது, நம் வீட்டுச் சத்தமாக இருக்கட்டும் என்று சாப்பாட்டு மேசையில் விரல் முட்டியால் தட்டிப் போனில் பிடித்து, அதைக் கீழே இறக்கிக் கனமாக்கி வைத்தேன். இரண்டு அடி, ஒரு இடம் விட்டு ஒரு அடி. டக் டக், விட்டு, டக். இந்த அமைப்பு என்னிடமிருந்து தானாக வந்தது, யாரும் சொல்லித்தரவில்லை, நமக்குள்ளும் சரக்கு இருக்கிறது என்று பூரித்துப் போனேன். டக் டக், விட்டு, டக். எழுந்து மேசைக்குப் போய் உட்கார்ந்தேன், அப்பாவின் நாற்காலி, அதில் இப்போது யாரும் உட்காருவதில்லை, இஸ்திரிக்குப் போகும் துணிதான் இருக்கும், அதைத் தள்ளி வைத்தேன். கையை மேசையில் வைத்துத் தட்டினேன். அப்பா தட்டுவார். சாப்பாடு நேரத்தில் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்பார், சகாயம் வாயைத் திறப்பான், நின்றுவிடுவான், அப்பா காத்திருப்பார், உண்மையிலேயே காத்திருப்பார், கெட்ட மனிதர் இல்லை, காத்திருக்கும்போது கை மட்டும் மேசையில் தட்டும், டக் டக், விட்டு, டக். சொல்றா. டக் டக். சட்டுனு சொல்லு. தாளம் போட்டால் வார்த்தை அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று அவர் வேலை பார்த்த ரயில்வே ஒர்க் ஷாப்பில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வரவில்லை. தட்டத் தட்ட இவன் இன்னும் உள்ளே போனான், சோற்றில் கண்ணீர் விழும், அப்போது நான் எடுத்துக் கொடுப்பேன், கணக்குல எண்பது மார்க்குப்பா, அதத்தான் சொல்ல வர்றான். தட்டுவது நிற்கும். எல்லாரும் சாப்பிடுவோம். அந்தத் தட்டல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே நான் பேசினேன், தம்பிக்காகவா பேசினேன், என் காதுக்காகப் பேசினேன். அந்தத் தட்டலைத்தான் இப்போது கனமாக்கி, எண்பத்து நான்கில் ஓடவிட்டு, தட்டாதீங்க என்கிறவன் குரலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதற்கு மேல் நாற்பத்தொரு தடவை அவன் வாயிலிருந்ததைப் பிடுங்கியிருக்கிறேன். இதை நாலு மணிக்குப் போட்டுக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போகிறேன், அவனும் நல்லா இருக்குக்கா என்பான், அவன் அப்படித்தான் சொல்வான், எனக்குப் பயமாக இருக்கிறது.

அவன் அப்படித்தான் தலையாட்டுவான், பாலிடெக்னிக்கில் ஆட்டினானே. பத்து வருடம் ஆகிவிட்டது, அதை இப்போது ஏன் எடுக்கிறேன், எடுக்காமல் எப்படி இருப்பது, அது எங்கேயும் போகவில்லை, முள் மாதிரி உள்ளேயே இருந்திருக்கிறது. சேர்க்கைக்குப் பெரிய வரிசை, மேசைக்குப் பின்னால் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார், தம்பி என்ன பாடம் எடுக்கப் போற என்று கேட்டார், நல்ல விதமாகத்தான் கேட்டார். சகாயம் நிமிர்ந்து நின்றான். புதுச் சட்டை. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன, ம் என்ற இடத்தில் நின்றான். பேனா காகிதத்தின் மேல் நின்றது. பின்னால் யாரோ செருமினார்கள், அந்த மனிதர் பேனாவால் மேசையில் ஒரு தட்டு தட்டினார், ஒரே ஒரு தட்டு, நான் மெக்கானிக்கல் சார் என்றேன். எழுதிவிட்டார். சகாயம் உதட்டைப் பிரித்தான், மூச்சு மட்டும் வந்தது, பிறகு தலையாட்டினான். வீட்டுக்கு வரும் வழியில் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன், குடித்தான், ஒன்றும் பேசவில்லை, அவன் பேசாமலிருப்பது புதிதா என்ன. ராத்திரி விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த பாலிடெக்னிக் புத்தகத்தை எடுத்துப் பாடங்களின் பட்டியலைப் பார்த்தேன். உதட்டை ஒட்டி, ம் என்று ஆரம்பிக்கிற பாடம் மூன்று இருந்தது. மெக்கானிக்கல், மெட்டலர்ஜி, மாடர்ன் ஆபீஸ் பிராக்டீஸ். புத்தகத்தை மூடி அலமாரிக்கு மேல் போட்டுவிட்டேன். எது என்று அவனிடம் கேட்கவில்லை. முதல் வருடம் கேட்கலாம் என்று நினைத்தேன், பிறகு மூன்று வருடம் படித்துவிட்டானே என்று விட்டேன், பிறகு வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் கேட்டு என்ன ஆகப் போகிறது. துவாக்குடியிலிருந்து புகை வாசனையோடு அவன் திரும்பி வரும் ஒவ்வொரு நாளும் அவன் பையை வாங்கி வைக்கும்போது அந்தப் புத்தகம் ஞாபகம் வரும்.

மூன்று பத்து. கோயிலில் என்றால் இதற்கு எனக்கு வழி தெரியும். எங்கள் பழைய பங்குச் சாமியார் இன்னாசி ஃபாதருக்கு ஆஸ்துமா, பாட்டு முடிந்து அடுத்த செபத்தை ஆரம்பிப்பதற்குள் மூச்சு வாங்கும், சில நாள் அரை நிமிடம்கூட ஆகும், கோயில் முழுக்க நின்றுகொண்டிருக்கும், அந்த நேரம் வெறுமையாக விடாமல் நான் இடது கையால் கீழ்ச் சுருதியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பேன். தாளம் இருக்காது, ஒரே நாதம், அதன் மேல் அவர் மெதுவாக வந்து ஏறிக்கொள்வார், எப்போது வருவார் என்று நான் அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு நாளாவது அவசரப்படுத்தினேனா, ஒரு நாளாவது அவருடைய செபத்தை நானே எடுத்துச் சொன்னேனா. சாமியாருக்குக் காத்திருந்த கை, தம்பிக்குக் காத்திருக்கவில்லை. சரி, அழுது பிரயோஜனமில்லை, ஐம்பது நிமிடம் இருக்கிறது. லேப்டாப்பில் செய்ததைத் திருப்புகிற பொத்தான் உண்டு. ஒரு வெட்டைத் திருப்பினேன், கோடு பழையபடி வந்து உட்கார்ந்தது. இரண்டு. மூன்று. ஒவ்வொரு கோடும் திரும்பும்போது அதைக் கேட்டேன், கோட்டுக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன், இருக்கிறது, உதடு ஒட்டும் சத்தம், தொண்டைக்குள் ஒரு சிறிய இழுவை, மூச்சு மூக்கு வழியாகப் போவது, ஒரு இடத்தில் அவன் லேசாகச் சிரிக்கிறான். பதினேழாவது கோட்டில். தானே சிரித்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்குப் போகிறான். அதை வெட்டி எறிந்திருந்தேன். நாற்பத்தொன்றும் திரும்பியபோது மூன்று முப்பத்தைந்து. மேசைத் தட்டலை அழித்தேன், அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது, ஆமாம் என்றேன். அந்த இடத்தில் லேப்டாப்பிலேயே இருந்த ஒரு சாதாரண கிக்கை வைத்தேன், யார் செய்ததோ, இருக்கட்டும், யார் வீட்டு மேசையும் இல்லை. அடியில் கீழ்ச் சுருதி ஒன்றை நீளமாக ஓடவிட்டேன். ஒரு விசையை அமுக்கிப் பிடித்தால் தாளம் மட்டும் நின்று, விட்டால் முதல் அடியிலிருந்து திரும்ப வருகிற மாதிரி வைக்கலாம் என்று அந்த வீடியோவின் கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான், அதைப் படித்துப் படித்து மூன்று தடவை தப்பாகச் செய்து நாலாவது தடவை வந்தது. முதலில் அந்த விசையை நானே அமுக்கலாம் என்றுதான் இருந்தேன், சனிக்கிழமை நானும் மைதானத்துக்குப் போய் அவன் தோளைப் பார்த்துக்கொண்டே. பிறகு அதையும் விட்டேன்.

நாலு ஐந்துக்கு பைக் சத்தம் கேட்டது. கை கால் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், கண்ணோரம் புகைக் கறுப்பு. மு என்று ஆரம்பித்தான். முடிஞ்சுதா என்பதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தேன். முடிஞ்சுதாக்கா என்று கேட்டான். முடிந்தது என்றேன். விசையைக் காட்டினேன், இதை அமுக்கிப் பிடித்தால் தாளம் நிற்கும், கீழ்ச் சுருதி மட்டும் இருக்கும் என்று சொன்னேன்.

“எ... எவ்வளவு நேரம் நிக்கும்?”

“நீ விடுற வரைக்கும்.”

அவன் என்னைப் பார்த்தான், பிறகு லேப்டாப்பைப் பார்த்தான். ஓடவிட்டேன். தாளம் இரண்டு சுற்று போனது, அவன் விரலை வைத்தான், தாளம் நின்றது, கீழ்ச் சுருதி அறை முழுக்க நின்றது, அவன் கழுத்து நரம்பு புடைத்தது, நான் எதையும் எண்ணவில்லை. தட்டாதீங்க என்று வந்தது. விரலை எடுத்தான், தாளம் வந்து அவனோடு சேர்ந்துகொண்டது. இப்படியே முழுவதும் சொன்னான், எங்கே நிற்கிறதோ அங்கே பிடித்து, வந்ததும் விட்டு, இரண்டே கால் நிமிடம், கடைசி வரிக்கு முன்னால் நின்ற இடம் மிக நீளம், அதற்குள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து போய்விட்டது. முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கூண்டிலிருந்து வெளியே வரும்போது இருக்கும் அந்த முகம். நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன், காலையில் உன் இடைவெளியை எல்லாம் வெட்டிவிட்டேன், நாற்பத்தொரு இடம், இப்போதுதான் திருப்பி வைத்தேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. நீ செய்வேன்னு தெரியும் என்றான், தெ என்ற இடத்தில் கொஞ்சம் நின்று. லேசாகச் சிரித்தான், பதினேழாவது கோட்டில் சிரித்த அதே சிரிப்பு.

கேட்டுவிட்டேன். பத்து வருடமாகக் கேட்காததை, துணி மடிக்கிற குரலில் கேட்டேன், அன்றைக்குப் பாலிடெக்னிக்கில் நீ என்ன சொல்ல வந்தாய் என்று. அவன் புரியாத மாதிரி நடிக்கவில்லை. விரல் அந்த விசைக்குத் தானாகப் போனது, தாளம் நின்றது. உதடு ஒட்டியது. ம். எனக்குள் மூன்று பாடமும் வரிசையாக வந்து நின்றன, எடு எடு என்றன, நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் எடுத்துவிடுவேன், சுவரில் அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருதி போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“மெ... மெ... மெக்கானிக்கல்தான்க்கா,” என்றான். “ஆனா நான் சொல்லியிருப்பேன்.”

எனக்கு வாய் வரைக்கும் என்னென்னவோ வந்தது. அவன் இன்னும் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை, அதனால் நான் பேசாமல் இருந்தேன்.